புதிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டபின் கேம் பாதியில் நின்றுவிடுகிறது, இரவில்தான் அதிகம்

1. கரிசல்மண் (கோவில்பட்டி)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஜிடிஎக்ஸ் 1060-ஐக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3070 போட்டேன். போட்ட நாளிலிருந்து நிம்மதி இல்லை. சைபர்பங்க் 2077 தொடங்கினால் இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. சில நாள் ஒரு மணி நேரம் தாங்கும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-உம் அப்படியே. வாலரன்ட் மட்டும் விடிய விடிய ஆடினாலும் ஒன்றும் ஆவதில்லை.

ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 2019-இல் வாங்கிய 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), விண்டோஸ் 10. கார்டின் வெப்பநிலை 72 டிகிரியைத் தாண்டவில்லை. சந்தேகத்துக்கு விண்டோஸையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டேன். மாற்றம் இல்லை.

கார்டே பழுதா? கடைக்காரர், "ஏழு நாளுக்குள் வந்திருந்தால் மாற்றித் தந்திருப்பேன்" என்கிறார். இன்று பத்தாவது நாள். கார்டின் உண்மையான விலை அப்பாவுக்குத் தெரியாது. தெரிவதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

2. மின்மினி

டிரைவர்தான் (கார்டை இயக்கும் மென்பொருள்), சந்தேகமே வேண்டாம். டிடியு என்னும் கருவியை இறக்கிக்கொள்ளுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு சேஃப் மோடில் நுழைந்து, பழைய டிரைவரை வேரோடு நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். இணையத்தைத் துண்டிக்க மறக்கவேண்டாம். நாம் நீக்கிய மறுநிமிடமே விண்டோஸ் தன் கையிலிருக்கும் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். எனக்கு இதில்தான் தீர்ந்தது.

3. பழையமதர்போர்டு

மின்மினி, அவர் விண்டோஸையே அழித்து ஏற்றிவிட்டதாக எழுதியிருக்கிறாரே. புதிதாக எழுப்பிய சுவரில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டச் சொல்கிறீர்கள்.

கரிசல்மண் தம்பி, "நின்றுவிடுகிறது" என்று எழுதினீர்கள். எப்படி நிற்கிறது என்று எழுதவில்லை. கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிகிறதா? திரை ஓரிரு நொடி கறுத்துவிட்டு மீண்டும் வருகிறதா? நீலத்திரை வருகிறதா? அல்லது யாரோ பிளக்கைப் பிடுங்கியதுபோல் மொத்தமும் அணைகிறதா? நான்கும் நான்கு வேறு ஊருக்குப் போகும் பஸ். எதில் ஏறியிருக்கிறீர்கள் என்று தெரியாமல் யாரும் வழி சொல்ல முடியாது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். டிஸ்ப்ளே 4101 என்றிருந்தால், கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரைத் தட்டி எழுப்பியிருக்கிறது. அப்ளிகேஷன் எர்ரர் 1000 என்றால் கேம் மட்டும் விழுந்திருக்கிறது. கெர்னல் பவர் 41 என்றால் கம்ப்யூட்டரே அணைந்திருக்கிறது.

இந்த 41-ஐப் பார்த்ததும் ஆளாளுக்கு "கெர்னல் கோளாறு" என்று அலறுவார்கள். அது காரணமே அன்று. "நேற்று முறைப்படி அணைக்கப்படாமல் விழுந்தேன்" என்று கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தபின் தன் நாட்குறிப்பில் எழுதும் வரி, அவ்வளவுதான். அதன் விவரத்தில் பக்செக் கோட் (நீலத்திரையின் காரணத்தைச் சொல்லும் எண்) 0 என்றிருக்கிறதா என்று பாருங்கள். 0 என்றால் பெரும்பாலும் நீலத்திரையைக் காட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள்.

4. கரிசல்மண்

அண்ணா, இரண்டு வகையும் இருக்கின்றன! நான் இதுவரை பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாட்களில் 41 ஆறு முறை. ஆறும் மாலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில். பக்செக் கோட் 0. அப்ளிகேஷன் எர்ரர் 1000 பதினொரு முறை, இதில் பகல் இரவு வேறுபாடு இல்லை. பிழைக் குறியீடு 0000005 என்று முடிகிறது. 4101 ஒன்றுகூட இல்லை.

5. வோல்ட்ராஜா

எஸ்எம்பிஎஸ். 3070-க்கு என்விடியாவே 650 வாட் பரிந்துரைக்கிறது. உங்களிடம் இருப்பது 550. இதற்கு ஆராய்ச்சி எதற்கு? புதிது வாங்குங்கள்.

6. கணக்குப்பிள்ளை

பிறர் பணத்தைச் செலவழிக்கச் சொல்வது எளிது. கூட்டிப் பார்ப்போம். 3070-இன் அளவு 220 வாட். ரைசன் 3600 பெட்டியில் 65 என்று போட்டிருந்தாலும் உச்சத்தில் 88 வரை இழுக்கும். விசிறி, எஸ்எஸ்டி, மதர்போர்டு எல்லாம் சேர்த்துத் தாராளமாக 50 வையுங்கள். மொத்தம் 358. அது 550-இல் 65 சதவீதம். 650 என்று சொல்வது, எவனிடம் எப்படிப்பட்ட மட்டமான பெட்டி இருக்குமோ என்று பயந்து சொல்லும் எண்.

7. வோல்ட்ராஜா

கணக்குப்பிள்ளை அவர்களே, 220 என்பது சராசரி. அடுப்பில் கொதிக்கும் பாலுக்கு சராசரி மட்டம் பார்த்தா பாத்திரம் வாங்குவீர்கள்? இந்தத் தலைமுறைக் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான பொழுதில் அதைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டு இறங்கும். அந்தத் துள்ளலைக் கண்டு எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று "ஏதோ ஷார்ட் ஆகிவிட்டது" என்று நினைத்து மொத்தத்தையும் வெட்டிவிடும். இதற்காகத்தான் இன்டெல் 2022-இல் ஏடிஎக்ஸ் 3.0 விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி இந்தக் கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோநொடி தாங்கவேண்டும். 2019-இல் வாங்கிய பெட்டிக்கு அந்தப் பாடம் யாரும் நடத்தவில்லை.

இன்னொன்று. வோல்டேஜ், வெப்பநிலை காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று படம் போடாதீர்கள். அது 2 நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது. திருடன் வந்து போனது வாட்ச்மேனுக்குத் தெரியாது.

8. கரிசல்மண்

அந்தப் படத்தைத்தான் போட இருந்தேன். 12 வோல்ட் வரிசை 11.9-க்குக் கீழே இறங்கவில்லை. 11.4 வரை இறங்கலாம் என்று படித்தேன். நேற்றுப் பகல் 2 மணிக்கு, கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க்கை இருபது நிமிடம் ஓடவிட்டேன். அசையவில்லை.

இன்னொன்றைக் கவனித்தேன். கார்டில் எட்டு முள் இணைப்பு இரண்டு. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரே கேபிள் வந்து நுனியில் இரண்டாகக் கிளைக்கிறது. அதைத்தான் இரண்டிலும் செருகியிருக்கிறேன். தவறா? நண்பனிடம் வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ் இருக்கிறது. அதன் கேபிள் ஒன்றை வாங்கிவந்து நாளை போடப்போகிறேன்.

9. பழையமதர்போர்டு

போடாதீர்கள்! இதைப் படித்ததும் அந்தக் கேபிளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கார்டில் செருகும் முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனைக்குப் பொது விதி கிடையாது. ஒரு கம்பெனி 12 வோல்ட் வைத்த இடத்தில் இன்னொரு கம்பெனி எர்த் வைத்திருக்கும். உருவம் ஒத்துப்போவதால் அழகாக உள்ளே போகும். சுவிட்சைப் போட்டதும் புகை வரும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. எஸ்எம்பிஎஸ் வந்த அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். இரண்டாவது கேபிள் அதிலேயே இருக்கும்.

ஃபர்மார்க் ஒரே சீராக இழுக்கும் சுமை. கேம் அப்படி இல்லை. வாசல் திறக்கும்போது ஒன்று, சண்டை தொடங்கும்போது ஒன்று என்று ஏறி இறங்கும். ஆகவே அதில் தேறியதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. வாலரன்ட் ஓடுவதற்கும் இதுதான் விளக்கம். அதற்கு உங்கள் கார்டு பாதித் தூக்கத்திலேயே வேலை செய்யும்.

அடுத்து, ஆஃப்டர்பர்னரில் (கார்டின் அமைப்புகளை மாற்றும் கருவி) பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, ஃபிரேம் எண்ணிக்கையை 60-க்குக் கட்டிப்போட்டு இரண்டு இரவு ஆடிப் பாருங்கள்.

10. கரிசல்மண்

பெட்டியில் இரண்டாவது கேபிள் இருந்தது, நன்றி அண்ணா. நண்பன், "தப்பித்தாய்" என்கிறான். உண்மையில் தப்பித்தது அவனுடைய கேபிள்.

முதல் இரவு இரண்டு தனிக் கேபிள், பவர் லிமிட் 100. எட்டரை மணிக்கு மொத்தமும் அணைந்தது. அடுத்த மூன்று இரவுகள் பவர் லிமிட் 70, ஃபிரேம் 60. ஒருமுறைகூட அணையவில்லை! ஆனால் கேம் டெஸ்க்டாப்பில் வந்து விழுவது மட்டும் நிற்கவில்லை. நேற்று மட்டும் மூன்று முறை.

11. வோல்ட்ராஜா

அணைவது நின்றுவிட்டதல்லவா? எஸ்எம்பிஎஸ். ஐந்தாவது பதிவிலேயே சொல்லிவிட்டேன்.

12. வெண்ணிலா

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கார்டை 70-க்கு இறக்கியும் டெஸ்க்டாப்புக்கு விழுவது நிற்கவில்லை என்றால் அதற்கும் மின்சாரத்துக்கும் உறவில்லை. இது வேறு நோய். 0000005 என்று முடியும் குறியீடு, நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தை நிரல் தொட்டுவிட்டது என்பதைச் சொல்வது. கேமின் பிழையாகவும் இருக்கலாம். இரண்டு வெவ்வேறு கேம்களில் அதே குறியீடு என்றால் நான் ரேமைத்தான் சந்தேகிப்பேன்.

கரிசல்மண், ஒரு கேள்வி. யோசித்துப் பதில் சொல்லுங்கள். அன்று கேபினட்டைத் திறந்தபோது கார்டை மட்டும்தான் மாற்றினீர்களா?

13. கரிசல்மண்

…ரேமும் போட்டேன் அக்கா. 8 ஜிபி இரண்டு இருந்தது. திறந்ததுதான் திறந்தோம் என்று இன்னும் 8 ஜிபி இரண்டு வாங்கி நான்கு இடத்தையும் நிரப்பிவிட்டேன். பிராண்டு வேறு, ஆனால் இரண்டிலும் 3200 என்றுதான் போட்டிருக்கிறது. ரேமை அந்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பையும் போட்டிருக்கிறேன். கார்டுதான் பெரிய மாற்றம் என்பதால் இதை எழுதத் தோன்றவில்லை.

14. பழையமதர்போர்டு

பன்னிரண்டு பதிவுகள். பன்னிரண்டு. மருத்துவரிடம் போய்க் காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டு, வரும் வழியில் கிணற்றில் விழுந்ததைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.

15. வெண்ணிலா

திட்டவேண்டாம், எல்லோரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன்.

ரைசன் 3600-க்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் 3200 வேகம் இரண்டு ரேம்களுக்குத்தான். நான்கு இடமும் நிரம்பினால் ஒற்றை ரேங்க் (சிப்புகள் ஒரே தொகுதியாக இருக்கும்) ரேம்களுக்கு 2933, இரட்டை ரேங்க் என்றால் 2667. அதற்கு மேல் ஓடினால் அது உங்கள் அதிர்ஷ்டம். எக்ஸ்எம்பி என்பதே ரேம் தயாரித்தவர் தன் அட்டையில் எழுதிய வாக்குறுதி. உங்கள் பிராசஸர் அதில் கையெழுத்துப் போடவில்லை. போதாததற்கு இரண்டு பிராண்டுகளைக் கலந்திருக்கிறீர்கள்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் ஏற்றி, இரவு படுக்கப்போகும் முன் ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். "ஆயிரத்தில் ஒன்றுதானே" என்ற சமாதானம் ரேமுக்குப் பொருந்தாது.

16. கரிசல்மண்

படுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. முதல் சுற்று முடிவதற்குள் திரை முழுக்கச் சிவப்பு. வேகத்தை 2933-க்கு இறக்கினேன். நான்கு சுற்று, பிழை பூஜ்யம். நேற்றும் இன்றும் சேர்த்து ஏழு மணி நேரம் சைபர்பங்க், ஒருமுறைகூட டெஸ்க்டாப்பைப் பார்க்கவில்லை. வெண்ணிலா அக்கா, எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் உங்களுக்குக் கடன்.

அணையும் நோய் மட்டும் அப்படியே இருக்கிறது. பவர் லிமிட்டை 100-க்கு ஏற்றினேன். நேற்று ஏழே முக்காலுக்கு அணைந்தது. ஆகவே புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கத்தான் வேண்டும்போலிருக்கிறது. வோல்ட்ராஜா அண்ணா, எது வாங்கலாம்?

17. யாழ்வாசி

வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம். இந்த இழையை முதலிலிருந்து வாசித்தேன். ஆறு முறையும் மாலை 7 முதல் 10 வரை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கடிகாரம் தெரியாது. பகலில் ஆடும்போது ஏன் அணையவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லையே.

அணையும்போது மானிட்டரின் சிறு விளக்கு எரிகிறதா, அதுவும் அணைகிறதா?

18. கரிசல்மண்

இப்போதுதான் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கிறேன். மானிட்டர் விளக்கும் அணைகிறது. வைஃபை ரூட்டரும். அம்மா அடுத்த அறையிலிருந்து "நெட் போய்விட்டது" என்று கத்துவார். அறை விளக்கும் மின்விசிறியும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

மானிட்டர், ரூட்டர், கேபினட் மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில்தான். அந்த யுபிஎஸ் சில நேரம் கீச்சுக் கீச்சென்று கத்தும். பேட்டரி பழசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

19. பழையமதர்போர்டு

ஐயோ. இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் பிரித்து மாட்டுகிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. யாழ்வாசி அவர்களுக்கு வணக்கம். கேபினட் மட்டும் செத்தால் மானிட்டர் "சிக்னல் இல்லை" என்று எழுதிக்கொண்டு விழித்திருக்கும். மானிட்டரும் சேர்ந்து செத்தால் கேபினட்டுக்கு வெளியே தேடவேண்டும்.

யுபிஎஸ்ஸின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது?

20. கரிசல்மண்

600 விஏ. அதன் கீழே சின்ன எழுத்தில் 360 வாட்.

21. கணக்குப்பிள்ளை

நான் ஆறாவது பதிவில் போட்ட கணக்கு சரி. தவறான பெட்டிக்குப் போட்டுவிட்டேன்.

358 வாட் என்பது எஸ்எம்பிஎஸ் உள்ளே கொடுப்பது. அதைக் கொடுப்பதற்கு அது சுவரிலிருந்து அதிகம் வாங்கவேண்டும். திறன் 85 சதவீதம் என்று வைத்தால் 358-ஐ 0.85-ஆல் வகுக்க 421. மானிட்டருக்கும் ரூட்டருக்கும் 25. மொத்தம் 446. யுபிஎஸ்ஸால் முடிவது 360.

பழைய 1060-க்கு அளவு 120 வாட். 120, 88, 50 கூட்டினால் 258. வகுத்தால் 304. 25 சேர்த்தால் 329. அதனால்தான் இத்தனை வருடம் அந்த யுபிஎஸ் வாய் திறக்கவில்லை. மயிரிழையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பவர் லிமிட் 70 என்றால் கார்டு 154 வாட். மொத்தம் 292, வகுத்தால் 344, மானிட்டரோடு 369. இது காகிதத்தில் உச்சம். ஃபிரேமை 60-க்குக் கட்டியபின் நிஜத்தில் இன்னும் குறைந்திருக்கும். மூன்று இரவு தாங்கியதற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது.

22. யாழ்வாசி

மாலை விஷயம் இதுதான். பகலில் வோல்டேஜ் ஒழுங்காக வரும்போது இந்தச் சின்ன யுபிஎஸ்கள் சுவரில் வருவதை அப்படியே கடத்திவிடும், சுமை கூடினால் கத்துவதோடு சரி. இருட்டியதும் தெரு முழுக்க ஏசியும் மோட்டாரும் ஓடி வோல்டேஜ் இறங்குகிறது. ஒரு கட்டத்தில் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிறது. அந்த நொடியில் 446 வாட் முழுக்க அதன் தலையில் விழுகிறது. அது கைவிரித்துவிடுகிறது. வோல்டேஜ் உடனே ஏறிவிடுவதால் உங்கள் அறை விளக்கில் சிறு மங்கல்கூடக் கண்ணில் படாது.

எங்கள் வீட்டிலும் இதே கதை. 2022-இல் இங்கே நாள்தோறும் மின்வெட்டு இருந்தபோது யுபிஎஸ், இன்வர்ட்டர் எல்லாம் தலைகீழ்ப் பாடம் ஆகிவிட்டன. அதனால்தான் தோன்றியது. சோதிப்பது எளிது. கேபினட்டை மட்டும் நேராகச் சுவரில் செருகி, பவர் லிமிட் 100-இல் ஒரு மாலை ஆடுங்கள்.

23. கரிசல்மண்

சுவரில் செருகுவது என்றால் ஏசிக்குப் போடும் பெரிய பிளக் பாயிண்டா வேண்டும்? மேசையருகே சின்னதுதான் இருக்கிறது.

24. கணக்குப்பிள்ளை

வேண்டாம். 230 வோல்ட்டில் 446 வாட் என்பது 2 ஆம்பியருக்கும் குறைவு. சின்னதே தாராளம். எர்த் இணைப்பு மட்டும் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்த்துவிடுங்கள்.

25. வோல்ட்ராஜா

சரி, யுபிஎஸ்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்ன துள்ளல் விஷயம் பொய்யில்லை. இவர் வீட்டில் அது குற்றவாளி இல்லை, அவ்வளவுதான். மறுபடி யுபிஎஸ் வாங்குவதென்றால் விஏ எண்ணைப் பார்க்காதீர்கள், வாட் எண்ணைப் பாருங்கள். இன்னொன்று, மலிவான யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு மாதிரி அலைதான் கொடுக்கும். ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள சில எஸ்எம்பிஎஸ்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல், சுமை குறைவாக இருந்தாலும் அணைந்துவிடும். சைன் வேவ் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

26. கரிசல்மண்

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். கேபினட் நேராகச் சுவரில். பவர் லிமிட் 100. ரேம் 2933. தினமும் மாலை 7 மணிக்கே வேண்டுமென்று உட்கார்ந்து ஆடினேன். ஒருமுறைகூட அணையவில்லை, ஒருமுறைகூட விழவில்லை. அந்த யுபிஎஸ் இப்போது ரூட்டரையும் மானிட்டரையும் மட்டும் சுமந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள் ஒன்பது மணிக்கு நிஜமாகவே கரன்ட் போய்விட்டது. மானிட்டர் எரிகிறது, கேபினட் செத்துவிட்டது. "சிக்னல் இல்லை" என்ற எழுத்தைப் பார்த்து எனக்கு ஒரே சிரிப்பு. சேமிக்காத அரை மணி நேர ஆட்டம் போனதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. யுபிஎஸ் தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கடைக்காரரிடம் கார்டு பழுது என்று சண்டை போட்டிருந்தேன். நாளை போய் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

27. மின்மினி

எல்லாம் சரியாகிவிட்டதில் மகிழ்ச்சி. அந்த 1060-ஐ விற்கும் எண்ணம் இருக்கிறதா? என்ன விலை?

28. கரிசல்மண்

மன்னிக்கவும், தங்கை எடுத்துக்கொண்டாள். விலை என்ன என்று அப்பாவிடம் சொல்லாமலிருப்பதற்கு அதுதான் கூலியாம்.